சட்டைப் பைக்கு ஒரு கேமரா: ரிக்கோ ஜிஆர் 3-ஆ, சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7-ஆ?

கைப்பேசிக் கேமராக்கள் தேறிவிட்ட பிறகு சிறிய டிஜிட்டல் கேமராக்களின் சந்தை எந்த அளவுக்குச் சரிந்தது என்பதற்கு ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கே சாட்சி. 2010-இல் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். 2020-இல் அந்த எண்ணிக்கை ஒரு கோடியைக்கூடத் தொடவில்லை. காணாமல் போனவற்றில் பெரும்பகுதி, லென்ஸைக் கழற்ற முடியாத மலிவான சிறு கேமராக்கள். எஞ்சியவை விலை கூடியவை. கைப்பேசியால் ஆகாத ஏதோ ஒன்றைச் செய்து காட்டினால்தான் விற்கும் என்ற நெருக்கடிக்குள் உருவானவை. 2019 மார்ச்சில் கடைக்கு வந்த ரிக்கோ ஜிஆர் 3, அதே ஆண்டு ஜூலையில் அறிவிக்கப்பட்ட சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 ஆகிய இரண்டும் அந்த வகையைச் சேர்ந்தவை. ஏறக்குறைய ஒரே பருமனுள்ள பெட்டிக்குள் எதை வைப்பது, எதை விட்டுவிடுவது என்பதில் இவ்விரு நிறுவனங்களும் எடுத்த முடிவுகள் ஒன்றுக்கொன்று நேர்எதிரானவை. ஆகையால் எந்தக் கேமரா உயர்ந்தது என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான விடை கிடைக்காது. வாங்கப்போகிறவர் இதுவரை எடுத்த படங்கள் எப்படிப்பட்டவை என்று பார்த்தால் கிடைக்கும். அது எப்படி என்பதைச் சில எளிய கணக்குகளைக் கொண்டு பார்க்கலாம்.

ரிக்கோவின் எடை பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்து 257 கிராம். சோனியின் எடை 302 கிராம். நீள அகலத்தில் சோனி சற்றே சிறியது என்றாலும் தடிமனில் நிலைமை மாறிவிடுகிறது: ரிக்கோ 33 மி.மீ., சோனி 43 மி.மீ. பத்து மி.மீ. என்பது தாளில் படிக்கும்போது அற்பமாகத் தோன்றும். சட்டையின் மேல்பையில் ரிக்கோ ஒருவாறு அடங்கிவிடுகிறது, சோனியைப் போட்டால் சட்டை முன்பக்கம் தொங்குகிறது. கால்சட்டைப் பைக்கோ கைப்பைக்கோ இரண்டும் ஒன்றுதான்.

உள்ளே இருப்பவற்றில் முதலாவது, லென்ஸ் வழியே வரும் ஒளியைப் படமாகப் பதிவு செய்யும் சென்சார். சோனியில் இருப்பது ‘ஒரு அங்குலம்’ என்று விளம்பரப்படுத்தப்படும் சென்சார். அதன் எந்தப் பக்கத்தை அளந்தாலும் ஓர் அங்குலம் வராது. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துப் பெயரிட்ட வழக்கம் இன்றும் தொடர்கிறது, அவ்வளவுதான். உண்மையான அளவு 13.2 மி.மீ.-க்கு 8.8 மி.மீ. ரிக்கோவில் இருப்பது பெரிய கேமராக்களில் காணப்படும் ஏபிஎஸ்-சி சென்சார். அது ஏறத்தாழ 23.5 மி.மீ.-க்கு 15.6 மி.மீ. பரப்பளவாகக் கணக்கிட்டால் 116-க்கு 366, அதாவது மூன்று மடங்குக்குச் சற்று அதிகம். ஒரே அபர்ச்சர் (ஒளி நுழையும் லென்ஸ் துளையின் அளவு; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்), ஒரே ஷட்டர் வேகம் என்றால் ரிக்கோவின் சென்சார் மொத்தமாகச் சேர்க்கும் ஒளியும் மூன்று மடங்கு. இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியது போலத் தெரியும் ‘நாய்ஸ்’ குறைவதற்கும், வெயிலும் நிழலும் கலந்த காட்சியில் இரண்டு பக்கமும் விவரம் தங்குவதற்கும் இந்த ஒளிதான் மூலதனம்.

இவ்வளவு பெரிய சென்சாரை இவ்வளவு மெல்லிய உடலில் பொருத்துவதற்கு ரிக்கோ கொடுத்த விலை ஜூம். அதன் லென்ஸின் கோணம் மாறாது. முழு அளவுச் சட்டகத்தில், அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவில், 28 மி.மீ. லென்ஸ் காட்டும் பரப்பையே எப்போதும் காட்டும் (இந்த மி.மீ. எண் கூடக் கூடக் கோணம் குறுகி, காட்சி நெருங்கி வரும்). அபர்ச்சர் எஃப் 2.8. சோனி இதைத் தலைகீழாகச் செய்திருக்கிறது: சென்சாரைச் சிறிதாக்கி, 24-இலிருந்து 200 மி.மீ. வரை போகும் லென்ஸைப் பெட்டிக்குள் மடக்கி வைத்திருக்கிறது. அபர்ச்சர் 24-இல் எஃப் 2.8, ஜூம் செய்யச் செய்ய அது குறுகி எஃப் 4.5-க்கு வந்துவிடும்.

இந்த இடத்தில் வாங்குபவர்கள் பெரும்பாலும் ‘ஜூம் இருக்கிறது, ஜூம் இல்லை’ என்ற இரண்டு கட்டங்களை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று கணக்குப் போட்டால் படம் மாறுகிறது. ரிக்கோவில் எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டினால் ஜூம் செய்தது போன்ற சட்டகம் கிடைக்கும். கேமராவிலேயே 35 மி.மீ., 50 மி.மீ. என இரண்டு வெட்டு வசதிகள் உள்ளன. 50 மி.மீ.-க்கு வெட்டும்போது சென்சாரில் 31.4 சதவீதம்தான் பயன்படுகிறது. 366-இல் 31.4 சதவீதம் என்பது 115. சோனியின் முழுச் சென்சார் பரப்பு 116 என்பதை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். அதாவது ரிக்கோவை 50 மி.மீ. வரை வெட்டினாலும் சென்சார் பரப்பில் அது சோனிக்குச் சமமாகவே நிற்கிறது. சோனியின் அபர்ச்சரோ ஜூமைத் தொட்டதுமே 2.8-இலிருந்து இறங்கத் தொடங்கிவிடுவதால், ஒளிக்கணக்கில் ரிக்கோ இன்னும் ஒரு படி மேலேயே இருக்கிறது. இழப்பு பிக்சல் எண்ணிக்கையில்தான்: சோனி 2 கோடி பிக்சல் தரும் இடத்தில் ரிக்கோ 70 லட்சம்தான் தரும். கைப்பேசித் திரைக்கும் ஆல்பத்தில் ஒட்டும் அளவுப் பிரிண்டுக்கும் 70 லட்சம் தாராளமாகப் போதும்.

ஆகவே சோனியின் ஜூமுக்கு உண்மையான மதிப்பு 50 மி.மீ.-ஐத் தாண்டிய பிறகே தொடங்குகிறது. தாண்டிய பிறகோ, ரிக்கோ பக்கத்தில்கூட வர முடியாது. பள்ளி ஆண்டு விழாவை எடுத்துக்கொள்வோம். முன்வரிசைகள் சிறப்பு விருந்தினர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் போய்விடும். பெற்றோருக்குக் கிடைக்கும் நாற்காலி மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருக்கும். அங்கிருந்து ரிக்கோவின் சட்டகம் ஏறக்குறைய 26 மீட்டர் அகலத்தை, அதாவது மேடை, இருபுறத் திரை, முன்னால் அமர்ந்திருப்போரின் தலைகள் அத்தனையையும் வாரிக்கொள்ளும். அதில் 120 செ.மீ. உயரமுள்ள குழந்தை வெறும் 280 பிக்சல் உயரத்துக்குத்தான் பதிவாகும். முகம் அதில் எட்டில் ஒரு பங்கு என்றால் 35 பிக்சல். கண் எது, பொட்டு எது என்று பிரித்தறிய முடியாது. சோனியை 200 மி.மீ.-க்குக் கொண்டுபோனால் சட்டகத்தின் அகலம் 3.6 மீட்டராகச் சுருங்கி, அதே குழந்தை 1,800 பிக்சல் உயரத்துக்கு நிற்கும். நெற்றிச்சுட்டி ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதுகூடத் தெரியும். தஞ்சைப் பெரிய கோயில் முற்றத்தில் நின்று விமானத்தின் மேல்தளச் சிற்பங்களைப் பார்க்க விரும்புகிறவருக்கும் இதே கணக்குத்தான். விமானம் முழுவதையும் முற்றத்தோடு சேர்த்து எடுக்க விரும்புகிறவருக்கு 28 மி.மீ. போதுமானது, மேலே இருக்கும் ஒரு பூத கணத்தின் முகபாவம் வேண்டும் என்றால் ரிக்கோவை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பின்னணி மங்குவது பற்றியும் ஒரு தப்பெண்ணம் பரவலாக உண்டு. பெரிய சென்சார் என்றால் பின்னணி அழகாகக் கரையும் என்பார்கள். ஓரளவு உண்மைதான், ஆனால் தொலைவான பின்னணி எவ்வளவு கரைகிறது என்பது, முகம் சட்டகத்தில் ஒரே அளவில் இருக்கும்போது, லென்ஸ் துளையின் உண்மையான விட்டத்தைப் பொறுத்தது. 28, 200 என்று மேலே சொன்னவை முழு அளவுச் சட்டகத்துக்கு இணையான எண்கள்; ரிக்கோவின் லென்ஸ் உண்மையில் 18.3 மி.மீ. குவியத் தொலைவு கொண்டது, 2.8-ஆல் வகுத்தால் துளையின் விட்டம் 6.5 மி.மீ. சோனியின் லென்ஸ் முழு ஜூமில் உண்மையில் 72 மி.மீ.; 4.5-ஆல் வகுத்தால் 16 மி.மீ. சிறிய சென்சார் கொண்ட சோனிதான் வெளிச்சத்தில் எடுக்கும் முகப்படங்களில் பின்னணியை இரண்டரை மடங்கு கூடுதலாகக் கரைக்கும். அது மட்டுமன்றி, 28 மி.மீ. லென்ஸில் முகத்தை நிரப்பி எடுக்க வேண்டுமானால் மிக அருகே போக வேண்டும். போனால் மூக்கு பெருத்து, காது சுருங்கி, படத்தில் இருப்பவர் நம்மோடு சண்டைக்கு வருவார். முகப்படமே பிரதானம் என்பவர்களுக்காக 2021-இல் ரிக்கோ 40 மி.மீ. லென்ஸோடு ஜிஆர் 3எக்ஸ் என்ற உடன்பிறப்பை வெளியிட்டது. குடும்பத்தாரைச் சற்று நெருங்கி எடுப்பவர்களுக்கு அது 28-ஐவிடப் பொருத்தமானது என்பது என் கருத்து.

எந்தப் பக்கம் போவது என்று அறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. கைப்பேசியின் கேலரியைத் திறந்து, கடந்த ஓராண்டில் எடுத்தவற்றில் உண்மையிலேயே பிடித்த படங்களை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றின் விவரப் பகுதியையும் பாருங்கள். எந்த லென்ஸில், எத்தனை மி.மீ.-க்கு இணையாக எடுக்கப்பட்டது என்று பெரும்பாலான கைப்பேசிகள் காட்டும். முதன்மைக் கேமரா பொதுவாக 23 முதல் 26 மி.மீ. வரை இருக்கும், இருமடங்கு ஜூம் செய்தால் 50-ஐ ஒட்டி வரும். பிடித்த படங்களில் பெரும்பான்மை அந்த எல்லைக்குள் அடங்கினால் சோனியின் ஜூமுக்குப் பணம் கொடுப்பது வீண். மூன்று, ஐந்து, பத்து மடங்கு என்று விரலால் இழுத்து எடுத்தவையும், இழுத்ததால் குழம்பிப்போனவையும் நிறைய இருந்தால் ரிக்கோவை வாங்கி இரண்டே மாதத்தில் விற்கத்தான் நேரிடும். எனக்குத் தெரிந்தவரை, இந்தச் சோதனையைச் செய்து பார்க்கும் பலருக்குக் கிடைக்கும் விடை அவர்கள் தங்களைப் பற்றி நினைத்திருந்ததற்கு மாறாகவே இருக்கிறது.

கைப்பேசியோடு ஒப்பிடும்போது இன்னொரு சங்கடமான உண்மையையும் சொல்லியாக வேண்டும். 2023-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஷாவ்மி 13 ப்ரோ, அடுத்த ஆண்டு வந்த விவோ எக்ஸ்100 ப்ரோ போன்றவற்றின் முதன்மைக் கேமராவில் இருப்பதும் இதே ‘ஒரு அங்குல’ச் சென்சார்தான். ஷாவ்மியின் லென்ஸ் எஃப் 1.9. அதாவது அகலக் கோணத்தில் அந்தக் கைப்பேசி, சோனி கேமராவைப் போல இருமடங்குக்குச் சற்று அதிகமான ஒளியைச் சேர்க்கிறது. அதற்கு மேல் பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும் கணினி வேலையும் உண்டு. ரிக்கோவே அந்தக் கைப்பேசியை ஒன்றரை மடங்கு அளவில்தான் முந்துகிறது. அசையாத காட்சியில் இந்த வித்தியாசத்தைக் கைப்பேசியின் அடுக்கு வித்தை எளிதாக விழுங்கிவிடும். அசையும் மனிதர்கள் வரும்போதுதான் ஒரே கிளிக்கில் ஒளியைச் சேர்த்துவிடும் பெரிய சென்சாரின் பயன் தெரியும்; முகத்தை மெழுகிவிடாமல், இலைகளைக் கத்தரித்து ஒட்டியது போல ஆக்காமல், இயல்பான படத்தைத் தருவதிலும் தெரியும். ஆகவே அப்படிப்பட்ட கைப்பேசி ஏற்கெனவே கையில் இருப்பவர் அகலக் கோணப் படங்களுக்காகச் சோனியை வாங்குவதில் பொருளே இல்லை. அவர் வாங்குவது 50-க்கு மேற்பட்ட ஜூமையும், வேகமான ஃபோகஸையும், கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரையும்தான் என்பது தெளிவாக இருக்க வேண்டும். கைப்பேசிகளிலும் தொலைவை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ் உண்டு என்றாலும், பெரும்பாலானவற்றில் அதன் பின்னால் இருப்பது முதன்மைக் கேமராவைவிடச் சிறிய சென்சார்.

இரவு நேரத்து வீட்டுக் கூடத்தில் இரண்டும் எப்படி நடந்துகொள்ளும்? ஓரிரு எல்இடி விளக்குகள் எரியும் கூடத்தில் வெளிச்சம் சுமார் 100 லக்ஸ் இருக்கும். எஃப் 2.8-இல், உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர்களைக் குலுங்காமல் எடுக்க 1/125 நொடி என்று வைத்தால், இரண்டு கேமராக்களுக்கும் ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன் அளவு; கூட்டினால் நாய்ஸும் கூடும்) 2500 அளவில் தேவைப்படும். ரிக்கோவில் அந்தப் படம், சோனி ஐஎஸ்ஓ 800-இல் எடுக்கும் படத்தின் தரத்தில் இருக்கும். அதே கூடத்தில் ஓடும் குழந்தையைச் சோனியில் 200 மி.மீ.-க்கு இழுத்து, எஃப் 4.5, 1/250 நொடி என்று எடுக்க முயன்றால் ஐஎஸ்ஓ 12,800 வேண்டும். சோனியின் வழக்கமான உச்ச வரம்பே அதுதான். படம் பார்க்கச் சகிக்காது. ஆண்டு விழா மேடையில் வெளிச்சம் ஐந்து மடங்கு இருந்தால் ஐஎஸ்ஓ 2500-க்கு இறங்கிவிடும் என்பதால் அங்கே தப்பித்துக்கொள்ளலாம். சோனியின் நீண்ட ஜூம் பகலுக்கும் நல்ல மேடை விளக்குக்கும் உரியது. வீட்டுக்குள் இரவில் அது இருந்தும் இல்லாத கணக்குத்தான். சோனியில் மேலே எழும்பும் ஒரு சிறிய ஃபிளாஷ் உண்டு, ரிக்கோவில் அதுவும் இல்லை. தேவையென்றால் தனி ஃபிளாஷ் வாங்கி மேலே செருகிக்கொள்ள வேண்டும். ரிக்கோவில் சென்சாரையே அசைத்துக் கைநடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பு இருக்கிறது. அது கோபுரத்தையும் குத்துவிளக்கையும் காப்பாற்றும். திரும்பிப் பார்க்கும் குழந்தையைக் காப்பாற்றாது.

ஃபோகஸ் விஷயத்தில் சோனிக்குப் போட்டியே இல்லை. 357 புள்ளிகளில் ஃபோகஸ் செய்கிறது. மனிதர்களின் கண்ணை மட்டுமன்றி விலங்குகளின் கண்ணையும் கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்கிறது. நொடிக்கு 20 படம் வரை, திரை இருட்டாமல் எடுக்கிறது. விளையாட்டுப் போட்டி, ஓடும் நாய், பறந்து எழும் கொக்கு போன்றவற்றைச் சட்டைப் பைக் கேமராவில் எடுக்க வேண்டுமென்றால் வேறு யோசனையே வேண்டாம். ரிக்கோவின் தானியங்கி ஃபோகஸ் வெளிச்சத்தில் ஒழுங்காக வேலை செய்யும், மங்கலில் முன்னும் பின்னும் தேடித் தடுமாறும்.

அதற்கு மாற்றாக ரிக்கோ வைத்திருக்கும் ‘ஸ்னாப் ஃபோகஸ்’ என்ற ஏற்பாடுதான் தெருப்படக்காரர்கள் பலரை அதன்பால் இழுத்தது. 1996-இல் ஃபிலிம் கேமராவாக ஜிஆர்1 வந்த காலத்திலிருந்தே இந்த வரிசைக்கு அப்படியொரு கூட்டம் உண்டு. ஜப்பானின் புகழ்பெற்ற தெருப்படக் கலைஞர் டைடோ மோரியாமா இந்த வரிசைக் கேமராக்களை நீண்ட காலம் பயன்படுத்தியவர். ஏற்பாடு இதுதான்: எத்தனை மீட்டரில் ஃபோகஸ் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துவிடலாம். பித்தானைப் பாதி அழுத்தாமல் ஒரே மூச்சில் முழுக்க அழுத்தினால், கேமரா எதையும் தேடாமல் அந்தத் தொலைவுக்குப் போய்ப் படத்தை எடுத்துவிடும். எஃப் 8, 2.5 மீட்டர் என்று வைத்தால் சுமார் 1.2 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக விழும்; அகலக் கோணத்தின் இயல்பே அதுதான். பகல் வெளிச்சத்தில், பூக்கடைக்காரர் சரத்தை வீசி அளக்கும் அந்த ஒரு கணத்தை, கேமராவை இடுப்பளவிலேயே பிடித்தபடி எடுத்துவிடலாம். சோனியின் அத்தனை புள்ளிகளும் சேர்ந்தும் இதைவிட விரைவாகச் செய்துவிட முடியாது. ஏனென்றால் இங்கே கேமரா முடிவெடுக்க எதுவுமே மிச்சமில்லை.

கையாளும் விதத்திலும் இரண்டும் வேறு வேறு குணம். ரிக்கோவை ஒரே கையால் இயக்கலாம். பிடிப்பு விரலுக்குப் பொருந்துகிறது, தேவையான திருகுகள் எல்லாம் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் எட்டும் இடத்தில் இருக்கின்றன, மெனு தெளிவாக இருக்கிறது. சோனியின் உடல் வழவழப்பானது. வியர்த்த கையில் நழுவும் என்பதால் தனியாக விற்கும் ஒட்டுப்பிடியை வாங்கி ஒட்டிக்கொள்வதும் மணிக்கட்டில் பட்டை மாட்டிக்கொள்வதும் நல்லது. அதன் மெனு ஒரு காடு. நுழைந்தவர் தேடிப்போனதை மறந்துவிட்டு வேறெதையோ மாற்றிவிட்டு வெளியே வருவார். ஆனால் உச்சிவெயிலில் கடற்கரை மணலில் நிற்கும்போது ரிக்கோவின் திரையில் நம் முகம்தான் தெரியும். வ்யூஃபைண்டர் கிடையாது, திரையும் அசையாது. சோனியில் வ்யூஃபைண்டர் மேலே எழும்பும். திரையை மேலும் கீழும் சாய்க்கலாம். தேரோட்டக் கூட்டத்தில் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கி, திரையைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பார்த்தபடி எடுக்க முடிவது எத்தகைய வசதி என்பது பின்வரிசையில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

வீடியோ வேண்டுமென்றால் இந்த ஒப்பீட்டைத் தொடரவே தேவையில்லை. சோனி 4கே எடுக்கும், வெளி மைக் செருகத் துளை இருக்கிறது. ரிக்கோ 1080-உடன் நின்றுவிடுகிறது, மைக் துளையும் இல்லை. அது புகைப்படக்காரர்களுக்காகப் புகைப்படக்காரர்கள் செய்தது போன்ற கேமரா. வீடியோவைக் கடமைக்காகச் சேர்த்திருக்கிறார்கள்.

பேட்டரி இரண்டிலும் மோசம். நிறுவனங்களின் அளவுகோல்படி ரிக்கோ 200 படம், சோனி 260 படம். உபரியாக ஒரு பேட்டரி வாங்கும் செலவை முதலிலேயே விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ரிக்கோவைக் கைப்பேசியின் யுஎஸ்பி-சி கம்பியிலேயே சார்ஜ் செய்யலாம். 2019-இல் வந்த சோனிக்குப் பழைய மைக்ரோ யுஎஸ்பி கம்பியை எங்கிருந்தாவது தேடி எடுக்க வேண்டும். மெமரி கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர்களுக்கு ரிக்கோவின் உள்ளேயே 2 ஜிபி இடம் இருக்கிறது. சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு நாள் உயிர் காக்கும்.

நம் ஊருக்கென்று சேர்த்துச் சொல்ல வேண்டியது தூசியும் ஈரமும். இரண்டு கேமராக்களுமே தூசிக்கும் மழைக்கும் அடைப்பு இல்லாதவை. இரண்டிலுமே லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே மடங்குகிறது. அப்படி மடங்கும்போது காற்றோடு தூசியும் உள்ளே போகும். லென்ஸ் கழலாத கேமரா என்பதால் சென்சாரில் ஒட்டிய தூசியை நாமே துடைக்கவும் முடியாது. பிரித்துத்தான் எடுக்க வேண்டும். ரிக்கோவில் சென்சாரை அதிரவைத்துத் தூசியை உதறும் வசதி இருந்தும், ஜிஆர் வரிசையைப் பற்றி உலகெங்கும் கேட்கும் புகார்களில் தூசிக்கு முக்கிய இடம் உண்டு. சாவி, சில்லறை, கைக்குட்டை நூல் எல்லாம் கிடக்கும் பையில் உறையில்லாமல் போடுவதுதான் அதற்கு முதல் காரணம் என்பது என் ஊகம். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் கூடுதலாகப் பூஞ்சைக்கும் அஞ்ச வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பதும், வாரம் ஒருமுறையாவது எடுத்துப் பயன்படுத்துவதும் அதற்கு மருந்து.

விலை பற்றிப் பேசும்போது, அமெரிக்காவில் வெளிவந்தபோது ரிக்கோ சுமார் 900 டாலர், சோனி சுமார் 1,200 டாலர் என்பதை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். 2025-இல் ரிக்கோ ஜிஆர் 4-ஐ சுமார் 1,500 டாலருக்குக் கொண்டுவந்தது. புதிய லென்ஸ், மேம்பட்ட கைநடுக்கத் தடுப்பு, 53 ஜிபி உள்நினைவகம் என்று பலவும் கூடியிருந்தாலும் 28 மி.மீ., எஃப் 2.8, ஏபிஎஸ்-சி என்ற அடிப்படைகள் அப்படியே இருக்கின்றன. எனவே மேலே சொன்ன ஒளிக்கணக்கு அதற்கும் பொருந்தும். சோனியிலோ பின்னோக்கிப் போவதில் ஓர் ஆதாயம் இருக்கிறது. 2014-இல் வந்த மூன்றாம் மாடலிலிருந்து ஐந்தாம் மாடல் வரை இருந்த லென்ஸ் 24-70 மி.மீ., எஃப் 1.8-2.8. அகலக் கோணத்தில் அந்த லென்ஸ் ஏழாம் மாடலைவிட இரண்டரை மடங்கு ஒளியைச் சேர்ப்பதால் ரிக்கோவை ஏறக்குறைய எட்டிப்பிடிக்கிறது; 70 மி.மீ.-இல் வெட்டிய ரிக்கோவை இருமடங்கால் முந்துகிறது. ஆறாம் மாடலில் 200 மி.மீ.-க்காக இந்த ஒளியைத்தான் சோனி விற்றுவிட்டது. மேடையும் பறவையும் வேண்டாம், வீட்டு விசேஷங்களும் ஊர்ப்பயணங்களும்தான் என்பவர்களுக்குப் பழைய மூன்றாம் மாடல் நல்ல நிலையில் கிடைத்தால், அது இந்த இரண்டையும்விடப் பொருத்தமாக அமையக்கூடும்.

முதலில் சொன்ன இரண்டில் ஒன்று என்று நெருக்கினால், தெருவையும் மனிதர்களையும் தானே நடந்து நெருங்கி எடுக்கும் ஒருவருக்கு ரிக்கோவையே சொல்வேன். ஒரே கோணம் என்பதால் முதல் சில வாரங்கள் எரிச்சலாக இருக்கும். பிறகு கேமராவைத் தூக்குவதற்கு முன்பே சட்டகம் எங்கே முடியும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். வீட்டில் நாலு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தப்போகிறார்கள், பிள்ளைகளின் மேடையும் விளையாட்டுத் திடலும் முக்கியம், அவ்வப்போது வீடியோவும் வேண்டும் என்றால் சோனிதான். பில் இல்லாமல் வரும் வெளிநாட்டுச் சரக்கு சில ஆயிரம் குறைவாகக் கிடைக்கும் என்று போவதற்கு முன், அந்த மாடலைப் பழுதுபார்க்க எடுத்துக்கொள்ளும் அங்கீகரிக்கப்பட்ட மையம் எந்த ஊரில் இருக்கிறது, எந்த உத்தரவாதச் சீட்டை அவர்கள் ஏற்பார்கள் என்பதைத் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

பழையதை வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு சோதனைகளைக் கடையிலேயே செய்துவிடலாம். ரிக்கோ என்றால் அபர்ச்சரை எஃப் 16-க்கு வைத்து, மேகமில்லாத வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்து, திரையில் பெரிதாக்கி மூலைவரை நகர்த்திப் பார்க்க வேண்டும். மங்கலான சாம்பல் பொட்டுகள் தெரிந்தால் சென்சாரில் தூசி ஏறியிருக்கிறது, அதை எடுக்கும் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம். சோனி என்றால் அதே சோதனையை எஃப் 11-இல் செய்துவிட்டு, 24-இலிருந்து 200 வரை ஜூமை நாலைந்து முறை முழுக்க ஓட்டி, வ்யூஃபைண்டரையும் ஃபிளாஷையும் எழுப்பி மடக்கிப் பார்க்க வேண்டும். லென்ஸ் நடுவழியில் திக்கினாலோ கரகரவென்று ஓசை எழுப்பினாலோ விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.